ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த மணற்கல்: பினாங்கில் இருந்தபடியே கற்றுக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

பினாங்குத் தீவில் மணற்கல்லைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கரையோரச் சமவெளி வண்டலை விட்டுவிட்டால் தீவு ஏறக்குறைய முழுவதும் கிரானைட். கொடிமலை கிரானைட், தண்ணீர்மலைக் கோயிலின் குன்று கிரானைட், பத்து பெரிங்கிக் கரையில் கிடக்கும் பெரிய உருண்டைப் பாறைகளும் கிரானைட். இருந்தாலும் ஆர்கோஸ் என்னும் மணற்கல்லைப் புரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் நம் பக்கத்தில் இல்லை. காரணம் எளிது. ஆர்கோஸ் கிரானைட்டிலிருந்துதான் பிறக்கிறது. அது கல்லாகும் முன் நடக்கிற எல்லாவற்றையும் இங்கே ஒரே நாளில், பஸ்ஸிலும் நடையிலுமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வரையறை. மணற்கல் என்றால் 0.063 மி.மீ. முதல் 2 மி.மீ. வரையுள்ள துகள்கள் சேர்ந்து இறுகிய கல். அந்தத் துகள்களில் குறைந்தது 25 சதவீதம் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமாக இருந்தால் அது ஆர்கோஸ். 25 சதவீதம் குறைவாகத் தோன்றலாம், ஆனால் உலகத்து மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம். பூமியின் மேலோட்டில் பாதிக்கும் மேல் ஃபெல்ட்ஸ்பார்தான் என்றாலும், மணலாகும்போது அதுவே முதலில் காணாமல் போகிறது. ஆகவே ஒரு மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் நிறையத் தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எப்படித் தப்பித்தது? கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடித்தான்.

கையில் வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தையல் ஊசி, தேநீர் வடிகட்டி, மாவுச் சல்லடை, கறுப்பு அட்டை, ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் வினிகர். சுத்தியல் வேண்டாம். பாறையை உடைக்காமலே எல்லாம் தெரியும், அதோடு பூங்காக்களில் உடைக்கவும் கூடாது.

படி 1: புதிய கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பாரை அடையாளம் காண்பது

தாவரவியல் பூங்காவிலிருந்து தொடங்கலாம். 1884இல் பூங்காவாக மாறுவதற்கு முன் அங்கே கிரானைட் வெட்டிய குழி இருந்தது. பூங்காவுக்குள் ஓடும் ஆற்றின் நடுவே தண்ணீர் தேய்த்துத் தேய்த்துப் புது முகமாகவே வைத்திருக்கும் பாறைகளைப் பாருங்கள். சாலையோரத்தில் பாசி படிந்த பாறை இதற்கு உதவாது.

ஈரமான பாறையில் மூன்று பொருள் கண்ணில் படும். சாம்பல் நிறத்தில், கண்ணாடித் துண்டு போல உள்ளே பார்வை போகிற மாதிரி இருப்பது குவார்ட்ஸ். கறுப்பாக ஏடு ஏடாக மின்னுவது மைக்கா, நம் ஊர்க்காரர்கள் காக்காப்பொன் என்பது. பால்வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, ஈரத்திலும் உள்ளே பார்வை போகாமல் மங்கலாக நிற்பது ஃபெல்ட்ஸ்பார். சில இடங்களில் அது கட்டைவிரல் கணு அளவுக்குப் பெரிய செவ்வகமாகவே உட்கார்ந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் தலையை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் செங்குத்தான இரண்டு திசைகளில் தட்டையாகப் பிளக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அந்த முகம் முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு அணையும். குவார்ட்ஸுக்கு அப்படிப்பட்ட பிளவுத் தளம் கிடையாது. அது வளைந்து வளைந்து உடையும், எந்தக் கோணத்திலும் முழு முகமாக மின்னாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது நான் வேறு எதையும் சொல்லாமல் இதை மட்டும் கால் மணி நேரம் செய்ய விடுவேன்.

பொதுவான கிரானைட்டில் அறுபது சதவீதம் அளவுக்கு ஃபெல்ட்ஸ்பார், மிச்சத்தில் பெரும்பாலும் குவார்ட்ஸ், கொஞ்சம் மைக்கா. ஃபெல்ட்ஸ்பாரிலும் இரண்டு குடும்பம் உண்டு. பொட்டாசியம் உள்ளது ஒன்று, ஆர்தோகிளேஸும் மைக்ரோகிளினும் அதில் சேரும். சோடியமும் கால்சியமும் கலந்தது இன்னொன்று, பிளாஜியோகிளேஸ். பினாங்கின் வடபகுதிக் கிரானைட்டுக்கும் தென்பகுதிக் கிரானைட்டுக்கும் நடுவே புவியியலாளர்கள் கோடு போடுவதே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் எந்த வகை என்பதை வைத்துத்தான். வடக்கே ஆர்தோகிளேஸ் பக்கம் சாய்ந்தது, தெற்கே மைக்ரோகிளின்.

படி 2: அது சாவதைப் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஃபெல்ட்ஸ்பார் எப்படி அழிகிறது என்று பார்க்காதவருக்கு அது தப்பித்ததின் அருமை தெரியாது.

தீவில் மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களுக்குக் குறைவில்லை. பாலிக் பூலாவ் போகும் வழியிலோ தெலுக் பகாங் போகும் வழியிலோ, வலை போடாத, சிமெண்டு பூசாத, சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் ஒரு வெட்டுமுகத்தைத் தேடுங்கள். மழை பெய்த மறுநாள் அதன் அடியில் நிற்க வேண்டாம். கீழே உதிர்ந்து கிடக்கும் ஒரு கட்டியை எடுத்தால் போதும்.

அந்தக் கட்டி பார்ப்பதற்கு இன்னும் கிரானைட் போலவே இருக்கும். வெள்ளைச் செவ்வகங்கள் அதே இடத்தில், சாம்பல் மணிகள் அதே இடத்தில். விரல் நகத்தால் வெள்ளைச் செவ்வகத்தை அழுத்துங்கள். மாவாக நசுங்கும். ஈரமாக இருந்தால் விரலில் பசையாக ஒட்டும். பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸ் மணி நகத்தைக் கீறும். மைக்கா இருந்த இடத்தில் துருச்சிவப்பு ஒரு வட்டமாகப் பரவியிருக்கும். கட்டுமானப் பொறியாளர்கள் பாறைச் சிதைவை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். பாறையின் அமைப்பு அப்படியே தெரிந்தும் கையால் நொறுங்கும் இந்த நிலைதான் ஐந்தாம் தரம். அமைப்பும் போய் வெறும் செம்மண்ணானால் ஆறு.

நடந்தது என்ன? மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணில் மக்கும் இலைதழைகளிலும் வேர்களிலும் இருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலத்தின் ஹைட்ரஜன், ஃபெல்ட்ஸ்பாருக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிலிக்காவில் ஒரு பகுதி கரைந்து ஓடுகிறது. மிச்சமிருக்கும் அலுமினியமும் சிலிக்காவும் தண்ணீரோடு சேர்ந்து கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணாகின்றன. பேராக்கில் தாப்பா, பீடோர் பக்கம் தோண்டியெடுக்கும் வெள்ளைக் களிமண்ணும் இப்படிக் கிரானைட்டின் ஃபெல்ட்ஸ்பார் மடிந்து உண்டானதுதான்.

எல்லா ஃபெல்ட்ஸ்பாரும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. கால்சியம் உள்ள பிளாஜியோகிளேஸ் முதலில் போகும், அப்புறம் சோடியம் உள்ளது, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் அதற்கும் பின்னால். குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். 1938இல் கோல்டிச் என்ற புவியியலாளர் இந்த வரிசையைத் தெளிவாக எழுதி வைத்தார். ஆகவே ஆர்கோஸில் நாம் காணும் ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசிய வகையே பெரும்பாலும் மேலோங்கியிருக்கும்.

ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை, வருடம் முழுவதும் வெக்கை, கெட்டியான காடு. ஃபெல்ட்ஸ்பாரைக் கொல்ல இதைவிட நல்ல சூழல் வேண்டுமா? பாடப்புத்தகம் படித்தவர்கள் இங்கே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: ஆர்கோஸ் என்றால் வறண்ட தட்பவெப்பம் அல்லது குளிர், வெப்பமண்டலத்தில் அது உண்டாகாது. வெட்டுமுகத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் நாமும் அதையேதான் சொல்வோம்.

படி 3: ஓடையில் இறங்குவது

சரி, இப்போது மலையடிவார ஓடை ஒன்றில், பெரிய பாறையின் பின்புறம் ஒதுங்கிக் கிடக்கும் கரட்டு மணலைப் பாருங்கள். பூங்காவுக்குள் ஓடும் பகுதியே போதும், அருவிவரை ஏற வேண்டாம். ஒரு எச்சரிக்கை: கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழையால் தண்ணீர் திடீரென்று ஏறும். தண்ணீர் கலங்கத் தொடங்கினால் அந்த நிமிடமே கரையேறுங்கள்.

ஒரு கையளவு மணலைத் தேநீர் வடிகட்டியில் அள்ளி, ஓடும் தண்ணீரிலேயே அலசி, உள்ளங்கையில் பரப்பி, லென்ஸ் வழியாகப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கூர்மை. துகள்களின் முனைகள் மழுங்கவே இல்லை. அடுத்து, கையைச் சாய்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பளிச்சிடும் தட்டை முகங்கள். அவை எல்லாம் ஃபெல்ட்ஸ்பார், நல்ல புதிய ஃபெல்ட்ஸ்பார். அதன் பக்கத்திலேயே சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பளபளப்பு இல்லாமல், ஊசியால் குத்தினால் பொடியாகும் ஃபெல்ட்ஸ்பாரும் இருக்கும். இரண்டும் ஒரே பிடி மணலில்.

இது ஏன் முக்கியம்? மலையின் அகன்ற சரிவுகளில் மண் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அங்கிருந்து வருவது மடிந்த ஃபெல்ட்ஸ்பார். ஓடை செதுக்கிக்கொண்டே போகும் பள்ளத்தின் அடியிலோ புதிய பாறை வெளியே தெரிகிறது. அங்கிருந்து உடையும் துகள், ஊறுவதற்கு நேரம் கிடைக்கும் முன்பே கீழே வந்துவிடுகிறது. கொடிமலை 833 மீட்டர், கடலுக்கும் அதற்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் தீவு முழுவதும் சரிவுகள் விழுந்ததை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட ஒரு இரவில் கீழே வரும் மணல், அமைதியான பல ஆண்டுகளில் வருவதைவிட அதிகமாக இருக்கும்.

பால் கிரைனின் என்ற பாறையியல் அறிஞர் தெற்கு மெக்சிகோவின் மழைக்காட்டு மலைகளில் இதையேதான் கண்டார். 1935இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஈரமான வெப்பமண்டலத்திலும் ஆர்கோஸ் மணல் உண்டாகும் என்று காட்டியது. சரிவு செங்குத்தாக இருந்து அரிப்பு வேகமாக நடந்தால் போதும். அதற்கு அவர் வைத்த அடையாளமும் நம் உள்ளங்கையில் இருப்பதுதான்: புதியதும் மடிந்ததுமான ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் அருகருகே கலந்து கிடப்பது. வறண்ட நாட்டு ஆர்கோஸில் ஏறக்குறைய எல்லாத் துகளும் புதியதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

என் கருத்தில் இந்த வழிகாட்டியில் மனதில் வைக்க ஒன்றே ஒன்று என்றால் இதுதான். ஆர்கோஸ் தட்பவெப்பத்தைவிட வேகத்தைத்தான் அதிகம் பேசுகிறது. மலை உடைந்து, நகர்ந்து, புதைந்தது, தண்ணீர் அதை ஊறவைப்பதைவிட வேகமாக நடந்திருக்கிறது. வறட்சியும் குளிரும் ஊறலைத் தாமதப்படுத்தும், செங்குத்துச் சரிவு பயணத்தைத் துரிதப்படுத்தும். பந்தயத்தில் எந்தப் பக்கம் கைகொடுத்தாலும் ஃபெல்ட்ஸ்பார் தப்பும்.

படி 4: கடற்கரை மணலோடு ஒப்பிடுவது

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பத்து பெரிங்கியிலோ தெலுக் பகாங்கிலோ அலை வந்து போகும் இடத்தில் ஒரு பிடி அள்ளி அதே போல அலசிப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார் இன்னும் இருக்கும், ஆனால் ஓடையில் இருந்ததைவிடக் குறைவாக, சிறியதாக, முனை மழுங்கியதாக இருக்கும். ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் ஆறு, குவார்ட்ஸுக்கு ஏழு. போதாததற்கு ஃபெல்ட்ஸ்பாருக்குள் பிளவுத் தளங்கள் வேறு. அலை நாள் முழுக்க உருட்டும்போது யார் முதலில் உடைவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே சிப்பித் துண்டுகள் கலந்திருக்கும், அவையும் வெள்ளை. கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சிப்பி. ஃபெல்ட்ஸ்பார் அசையாது.

கர்னி பக்கமோ தஞ்சோங் தோக்கோங் பக்கமோ கடலை நிரப்பிய இடத்து மணலை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். அது எங்கிருந்து வந்த மணலோ. தேசியப் பூங்காவுக்குள் மூக்கா ஹெட் வரை நடந்தால் அருமையான கிரானைட்டும் கரையும் பார்க்கலாம், ஆனால் அங்கிருந்து மணலையும் கல்லையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எண்ணுவது

கண்ணால் பார்த்து ‘நிறைய இருக்கிறது’ என்பதற்கும் ‘28 சதவீதம்’ என்பதற்கும் நிறைய வித்தியாசம். எண்ணுவதுதான் இந்தத் துறையின் அடிப்படை வேலை. வீட்டு மேசையில் செய்யலாம்.

மணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவையுங்கள். தேநீர் வடிகட்டியில் சலித்து, அதன் வழியே கீழே விழுவதை மாவுச் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்குவதை மட்டும் எடுங்கள். எல்லா இடத்து மணலுக்கும் இதே இரண்டு சல்லடைதான், மாற்றக் கூடாது. ஏனென்றால் துகளின் அளவு மாறினால் ஃபெல்ட்ஸ்பார் விகிதமும் மாறும். பெரிய துகளையும் சிறிய துகளையும் ஒப்பிட்டுவிட்டு இடத்துக்கு இடம் வித்தியாசம் என்று சொல்லிவிடக் கூடாது.

கறுப்பு அட்டையில் ஒரு சிட்டிகையைப் பரப்புங்கள். ஊசி முனையால் ஒரு நேர்கோடு போல நகர்ந்து, கோட்டில் அகப்படும் ஒவ்வொரு துகளையும் எண்ணுங்கள். அழகாக இருக்கிறதே என்று பக்கத்துத் துகளுக்குத் தாவாதீர்கள். அந்த ஆசைதான் கணக்கைக் கெடுக்கும். தாளில் நான்கு பத்தி: குவார்ட்ஸ், புதிய ஃபெல்ட்ஸ்பார், மடிந்த ஃபெல்ட்ஸ்பார், பாறைத் துண்டு (ஒன்றுக்கு மேற்பட்ட கனிமம் ஒட்டியிருக்கும் துகள்). தெரியாத துகள் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குவார்ட்ஸ் தெளியும், ஃபெல்ட்ஸ்பார் மங்கலாகவே இருக்கும். மைக்காவைச் சேர்க்க வேண்டாம், கழுவும்போதே பாதி மிதந்து போயிருக்கும். சிப்பியும் வேண்டாம்.

300 துகள் எண்ணுங்கள். 100 எண்ணி 25 சதவீதம் வந்தால் உண்மையான அளவு ஏறக்குறைய 17 முதல் 33 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 300 எண்ணினால் அந்த இடைவெளி 20 முதல் 30 ஆகச் சுருங்குகிறது. ஆகவே 25 என்ற எல்லைக்கோட்டில் விழும் மாதிரியைப் பற்றி அடித்துப் பேசாதீர்கள், இன்னொரு சிட்டிகை எண்ணுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 300இல் குவார்ட்ஸ் 186, ஃபெல்ட்ஸ்பார் 84, பாறைத் துண்டு 30. அதாவது 62, 28, 10 சதவீதம். ஃபெல்ட்ஸ்பார் 25ஐத் தாண்டிவிட்டது, பாறைத் துண்டைவிடவும் அதிகம், எனவே பொது வரையறைப்படி ஆர்கோஸ். ஆனால் ராபர்ட் ஃபோக் என்ற புவியியலாளர் வகுத்த முறையில் இன்னொரு நிபந்தனை உண்டு. குவார்ட்ஸ் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஃபெல்ட்ஸ்பார் பாறைத் துண்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். நம் கணக்கில் 2.8 மடங்குதான். எனவே அவர் பட்டியலில் இது பாறைத்துண்டு கலந்த ஆர்கோஸ். ஆனால் அந்த 30 துண்டும் கிரானைட் துண்டு என்றால்? ஃபோக் கிரானைட் துண்டுகளை ஃபெல்ட்ஸ்பார் பக்கமே சேர்க்கிறார். அப்போது அது சுத்த ஆர்கோஸ் ஆகிவிடும். பினாங்கு ஓடை மணலில் பாறைத் துண்டு பெரும்பாலும் கிரானைட்டாகவே இருக்கும் என்பதால் இந்த நுணுக்கம் நமக்கு உடனே உதைக்கும். எந்த முறையில் எண்ணினோம் என்று தாளின் தலைப்பில் எழுதாமல் எண்ணிக்கையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

குவார்ட்ஸ் 75 முதல் 95 வரை இருந்து, மிச்சத்தில் ஃபெல்ட்ஸ்பார் அதிகமாக இருந்தால் அது துணை ஆர்கோஸ். 95ஐத் தாண்டினால் வெறும் குவார்ட்ஸ் மணற்கல்.

படி 6: மணல் கல்லாவது

ஓடையில் கிடக்கும் ஆர்கோஸ் மணல் அப்படியே கல்லாகிவிடாது. மலையடியில் நிலம் தாழ்ந்துகொண்டே போக வேண்டும், அதன் மேல் மேலும் மேலும் மணல் கொட்ட வேண்டும். பினாங்கில் இது நடக்கவில்லை. நம் மணல் கடலுக்குப் போய்ச் சிதறுகிறது. உலகின் பெரிய ஆர்கோஸ் படிவுகள் எல்லாம், ஒரு பக்கம் மலை எழும்ப, அதை ஒட்டி மறுபக்கம் தாழ்ந்த பள்ளத்தில் தேங்கியவை. மலையிலிருந்து இறங்கும் ஆறு சமவெளியில் வேகம் இழந்து விசிறி வடிவில் கொட்டிய வண்டல்தான் அதிகம்.

புதைந்த பிறகும் ஃபெல்ட்ஸ்பாருக்கு நிம்மதி இல்லை. மேலே ஏறும் பாரம் துகள்களை நெருக்குகிறது, மைக்கா ஏடுகள் வளைகின்றன. நிலத்தடி நீர் சுண்ணாம்பு, சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகியவற்றைத் துகள்களுக்கு நடுவே படியவைத்து ஒட்டுகிறது. அதே நீர் சில ஃபெல்ட்ஸ்பார் துகள்களைக் கரைத்துவிட்டு அதன் வடிவில் ஓட்டையை மட்டும் விட்டுச் செல்கிறது, சிலவற்றைக் கயோலினாக மாற்றுகிறது. எண்ணெய் தேடுகிறவர்களுக்கு அந்த ஓட்டைகள் லாபம். நமக்கு ஒரு எச்சரிக்கை: ஒரு பழைய மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் குறைவாக இருந்தால் அது மலையிலேயே அழிந்தது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. புதைகுழியில் அழிந்திருக்கலாம்.

பல ஆர்கோஸ் சிவப்பாக இருப்பதற்குத் துகள்களின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடும் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும் காரணம். சாம்பல் நிற ஆர்கோஸும் உண்டு. நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

படி 7: கல்லைப் படித்து மலையைச் சொல்வது

இனி ஆர்கோஸ் ஒன்று கையில் கிடைத்தால் இந்த வரிசையில் பார்க்கலாம். துகள்கள் கூர்மையா மழுங்கலா? கூர்மை என்றால் மலை அருகில்தான். பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கிறதா, ஒரே அளவா? கலந்திருந்தால் தண்ணீர் தரம் பிரிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபெல்ட்ஸ்பார் புதியதா மடிந்ததா, இரண்டும் கலந்ததா? இதைத்தான் படி 3இல் பார்த்தோம். பொட்டாசியமா பிளாஜியோகிளேஸா? பிளாஜியோகிளேஸ் மேலோங்கி, எரிமலைக் கல்லின் துண்டுகளும் கூடவே இருந்தால் கிரானைட் மலையை மறந்துவிட்டு எரிமலையைத் தேடுங்கள்.

ஃபெல்ட்ஸ்பாரின் வகையை உறுதியாகச் சொல்லக் கல்லை முடியைவிட மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைப்பார்கள். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் இரண்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் மைக்ரோகிளின் கட்டம் போட்ட கைலி மாதிரி தெரியும். பிளாஜியோகிளேஸில் இணைகோடுகள் மட்டும் ஓடும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையும் உண்டு, அதில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் பளிச்சென்று மஞ்சளாகும். ஆனால் அதற்கு முன் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் கல்லை அரிக்க வேண்டும். அந்த அமிலம் தோல் வழியாக இறங்கி உயிரையே எடுக்கும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதை யாரும் தொடவே கூடாது.

1979இல் டிக்கின்சன், சுசெக் என்ற இரண்டு புவியியலாளர்கள் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத் துண்டு மூன்றையும் ஒரு முக்கோணத்தில் புள்ளியாக வைத்து, மணல் எந்த வகை நிலத்திலிருந்து வந்தது என்று சொல்லும் வழியைக் காட்டினார்கள். ஆர்கோஸ் அதில் கண்டத்தின் அடித்தளப் பாறை மேலெழுந்த மூலையில் விழும். உங்கள் 300 துகள் கணக்கையும் அந்த முக்கோணத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உலகம் அறிந்த சில ஆர்கோஸ்கள்

ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் உளுருவைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. அது ஆர்கோஸ். சமவெளிக்கு மேல் 348 மீட்டர் உயரம். அதன் துகள்களில் சராசரியாகப் பாதி ஃபெல்ட்ஸ்பார், பெரும்பாலும் பொட்டாசிய வகை. குவார்ட்ஸ் 25 முதல் 35 சதவீதம்தான். கிரானைட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் நிற்கும் மணற்கல் அபூர்வம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கே எழும்பிய மலைத்தொடர் தேய்ந்து அதன் அடிவாரத்தில் விசிறியாகக் கொட்டிய மணல் அது. பின்னால் நிலம் மடிப்பாக வளைந்ததில் படுக்கையாக இருந்த அடுக்குகள் கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக, 85 பாகைக்கு எழுந்துவிட்டன. உளுருவின் பக்கவாட்டில் ஓடும் வரிகள் அந்த அடுக்குகள்தான். சிவப்பு வெறும் மேல்தோல். துருப்பிடித்த பரப்பு அது, உள்ளே சாம்பல் நிறம். அது படிந்த காலத்தில் நிலத்தில் செடிகொடியே கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை, மழை எதையும் அங்கேயே ஊற விடாமல் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் டொரிடன் பகுதி மலைகள் சுமார் 100 கோடி ஆண்டுப் பழமையான ஆர்கோஸ். அமெரிக்காவில் டென்வர் அருகே ரெட் ராக்ஸ் என்னும் திறந்தவெளி அரங்கில் இசைக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் உட்கார்வது சுமார் 30 கோடி ஆண்டு ஆர்கோஸுக்கு நடுவே. அந்த ஆர்கோஸ் நேராக உட்கார்ந்திருப்பதோ 170 கோடி ஆண்டுப் பழமையான, நைஸ் என்னும் உருமாறிய பாறையின் மேல். இடையில் 140 கோடி ஆண்டுக்கு ஒரு கல்லும் இல்லை.

நியூயார்க்கின் பழைய பழுப்புநிற வீடுகளில் பலவற்றின் முகப்பு கனெக்டிகட்டில் வெட்டிய ஆர்கோஸ். கல்லின் அடுக்குகள் சுவருக்கு இணையாக நிற்கும்படி வைத்துக் கட்டியதால் பல வீடுகளில் முகப்பு ஏடு ஏடாக உரிகிறது. கொத்தனார் கல்லைத் திருப்பி வைத்திருந்தால் இன்னும் நெடுநாள் தாங்கியிருக்கும்.

நமக்கு எட்டும் தூரத்தில் பழைய மணற்கல்லைப் பார்க்க ஆசைப்பட்டால் லங்காவிக்குப் போகலாம். கோலக் கெடாவில் படகேறி, தீவின் வடமேற்கில் பாசிர் தெங்கோராக் கரைக்குப் போனால் மச்சிஞ்சாங் மணற்கல் வெளியே தெரிகிறது. கேம்பிரியன் காலத்தது, சுமார் 50 கோடி ஆண்டு, மலேசியாவின் மிகப் பழைய பாறைகளில் வைத்து எண்ணப்படுவது. லங்காவி 2007 முதல் யுனெஸ்கோவின் புவிப் பூங்கா, எனவே அங்கேயும் லென்ஸ் மட்டும்தான். ஈரமான முகத்தில் தலையைச் சாய்த்துப் பளிச்சிடுவதைத் தேடுங்கள்.

ஏமாற்றும் கற்கள்

ஆர்கோஸைக் கிரானைட் என்று நினைப்பதுதான் அதிகம் நடப்பது. நன்றாக இறுகிய கரட்டு ஆர்கோஸ் அசல் கிரானைட் போலவே தெரியும். வித்தியாசம் துகள்களின் விளிம்பில் இருக்கிறது. கிரானைட்டில் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு வளர்ந்திருக்கும், நடுவே இடைவெளியே இருக்காது. ஆர்கோஸில் ஒவ்வொரு துகளும் தனித்தனி, நடுவே நுண்ணிய தூளோ ஒட்டுப்பொருளோ இருக்கும். எங்காவது ஒரு கூழாங்கல் பதிந்திருந்தால், அல்லது துகள்கள் வரிசையாக அடுக்கப்பட்ட கோடு தெரிந்தால், சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, இருந்த இடத்திலேயே உதிர்ந்த கிரானைட். படி 2இல் நகத்தால் நசுக்கினோமே, அந்தக் கட்டி போன்றது. அது எங்கும் நகரவில்லை, எனவே மணற்கல் ஆகாது. அதன் குறுக்கே ஓடும் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று உடையாமல் நேராகத் தொடர்ந்தால் அது இன்னும் மலையோடுதான் இருக்கிறது. நகர்ந்த மணலில் நரம்பு தொடர்ந்து ஓட வழியே இல்லை. மலைச்சரிவில் வீடு கட்ட மண் பரிசோதிக்கிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். சரிந்து வந்து தங்கிய மண்ணையும் இருந்த இடத்திலேயே ஊறிய பாறையையும் பிரிக்க அவர்களும் இந்த நரம்பைத்தான் தேடுவார்கள்.